ரேஷன் பாமாயில் எந்த மில்லிலிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடு எரியும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒராங்குட்டான் படம் வருகிறது. கூடவே, பாமாயிலைப் புறக்கணிப்போம் என்ற குரலும் எழுகிறது. அக்கறையில் எழும் குரல்தான். ஆனால், பெரிய நிறுவனங்களை உண்மையிலேயே வழிக்குக் கொண்டுவந்த சூழல் அமைப்புகள் பெரும்பாலும் அந்தப் பாதையில் போகவில்லை. எண்ணெய்ப் பனை ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் சராசரியாக 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தரும். சோயா அரை டன் அளவில்தான் தரும். பாமாயிலை ஒதுக்கிவிட்டு அதே எண்ணெயைச் சோயாவில் எடுக்கப் போனால் ஐந்தாறு மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்காகப் பிரேசிலில் இன்னொரு காடு விழும். அதனால் அவர்கள் கேட்டது வேறு: வாங்குங்கள், காட்டை அழிக்காதவரிடம் வாங்குங்கள், அதை நிரூபியுங்கள்.

அந்த நிரூபணம் எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எண்ணெய்ப் பனையின் குலையை வெட்டியதுமே பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அமிலத்தன்மை ஏறும், விலை இறங்கும். எனவே 24 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்துக்குள், குலை மில்லுக்குப் போய் நீராவியில் வேக வேண்டும். மண்சாலையில் லாரி ஓடும் தூரத்தை வைத்துப் பார்த்தால், ஒரு மில்லுக்கு வரும் குலைகள் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் விளைந்தவையாகத்தான் இருக்கும். மில்லின் பெயர் தெரிந்தால் அதைச் சுற்றி எந்தக் காடு ஆபத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மில்லைத் தாண்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்விட்டால், பல மில்களின் எண்ணெய் ஒரே தொட்டியில் கலந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சோதனைக்கூடத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே பல ஆண்டுகளாக நடந்த சண்டையின் மையம் மில் பட்டியல்தான். வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் நீண்ட காலம் மறுத்துவந்தன. 2018 பிப்ரவரியில் யூனிலீவர் தனக்கு நேரடியாக விற்கும் சுமார் 300 நிறுவனங்களையும், அவற்றுக்குப் பின்னாலுள்ள 1,400-க்கும் அதிகமான மில்களையும் பெயரோடு வெளியிட்டது. நெஸ்லே உள்ளிட்ட மற்றவையும் வெளியிட்டன. உலக வளங்கள் நிறுவனம், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற அமைப்புகள் சேர்ந்து ஒவ்வொரு மில்லுக்கும் ஓர் அடையாள எண்ணும் அட்சரேகை, தீர்க்கரேகையும் கொண்ட பொதுப் பட்டியலைத் தயாரித்தன. ஒரே மில்லை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதிக் குழப்புவது இதனால் குறைந்தது.

அடுத்தது சாட்சியம். மரங்கள் அழிந்த இடத்தைக் காட்டும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிளாட் எச்சரிக்கைகள் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வருபவை. ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். மழைக்காட்டின் மேல் மேகம் வாரக்கணக்கில் நிற்கும் என்பதால் அவை பல நேரம் தாமதமாகும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் கொண்டு 10 மீட்டர் அளவில் தரும் ராட் எச்சரிக்கைகள் 2021 முதல் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. ஆனால், எச்சரிக்கை வந்ததுமே அதைக் காடழிப்பு என்று அறிவித்தால் மாட்டிக்கொள்வோம். 25 வயதான பனைகளை வெட்டி மறுநடவு செய்தாலும், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்தாலும் படத்தில் அதே சிவப்புப் புள்ளிதான் தெரியும். எனவே அந்த இடத்தின் பழைய படங்களை எடுத்து, வெட்டுவதற்கு முன் அங்கே நின்றது இயற்கைக் காடுதானா என்று பார்க்க வேண்டும். பிறகு கூர்மையான படத்தில் நேர்கோட்டுச் சாலைகள், கட்டம் கட்டமான வடிகால்கள், சரிவில் படிக்கட்டு வெட்டு ஆகியவை தெரிகின்றனவா என்று தேட வேண்டும். அவை இருந்தால் பெரும்பாலும் கம்பெனி வேலை. ஒழுங்கற்ற சிறு திட்டுகள் என்றால் பெரும்பாலும் சிறு விவசாயி.

நிலம் யாருடையது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம். இந்தோனேசியாவில் தோட்ட நில உரிமை வரைபடங்களை அரசு வெளியிடுவதில்லை. ஃபாரஸ்ட் வாட்ச் இந்தோனேசியா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், அவற்றை வெளியிட வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது, அமைச்சகம் கொடுக்கவில்லை. எனவே மாவட்ட அலுவலகத்து அனுமதிக் கடிதங்கள், கம்பெனிப் பதிவு ஆவணங்கள், பாமாயிலுக்குச் சான்றிதழ் தரும், நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பான ஆர்எஸ்பிஓவிடம் உறுப்பினர்கள் கொடுத்த வரைபடங்கள் என்று துண்டு துண்டாக ஒட்டவைக்கிறார்கள். தோட்டத்து வாசலிலிருந்து மில்லின் எடைமேடை வரை குலை லாரியைப் பின்தொடர்கிறார்கள். ஓர் எல்லைக்கோட்டைத் தவறாகப் போட்டால்கூட நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் பொய் என்று சொல்லிவிடும். அதனால் பொறுப்பான அமைப்புகள், வெளியிடும் முன் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கே அனுப்பி விளக்கம் கேட்கின்றன.

இனி, யாரை அழுத்துவது? தோட்டம் வைத்திருப்பவரின் பெயர் வாங்குபவருக்குத் தெரியாது. உறையில் இருக்கும் பெயர் தெரியும். 2010 மார்ச் 17-இல் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு நெஸ்லேயின் கிட்கேட் சாக்லேட் மீது தொடுத்த பிரசாரம் இதற்குப் பாடநூல் போன்றது. நெஸ்லே அன்றே, காடழிப்புக் குற்றச்சாட்டுக்கு உள்ளான இந்தோனேசியாவின் சினார் மாஸ் குழுமத்திடம் நேரடிக் கொள்முதலை நிறுத்திவிட்டோம் என்றது. நேரடி என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அதே எண்ணெய் கார்கில் போன்ற இடை வணிகர் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. பிரசாரம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு ஓய்ந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது. ஓயவில்லை. கிரீன்பீஸின் காணொளியை யூடியூபிலிருந்து எடுக்கவைக்க நெஸ்லே முயன்றது. அதனாலேயே அது இன்னும் பரவியது. மே 17-இல், சரியாக இரண்டு மாதத்தில், காடழிப்போடு தொடர்புள்ள தோட்டங்களைத் தன் கொள்முதல் சங்கிலியிலிருந்து நீக்குவதாக நெஸ்லே அறிவித்தது. 2011 பிப்ரவரியில் சினார் மாஸின் பாமாயில் நிறுவனமான கோல்டன் அக்ரி தன் காடு பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது.

அதே குழுமத்தின் காகிதப் பிரிவான ஏபிபி மீது நடந்த பிரசாரத்தில் ஆயுதம் நுண்ணோக்கி. மேட்டல் நிறுவனத்தின் பொம்மை அட்டைப்பெட்டிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காகிதக் கூழிலும் மரத்தின் குழாய்ச் செல்கள் வடிவம் மாறாமல் இருக்கும். அதை வைத்து, அது நட்டு வளர்த்த அக்கேசியாவா, பலவகை மழைக்காட்டு மரங்களா என்று சொல்லிவிடலாம். 2011 ஜூனில் தொடங்கிய அந்தப் பிரசாரத்தால் அக்டோபரில் மேட்டல் தன் கொள்முதல் விதியை மாற்றியது. வாங்குபவர்கள் ஒவ்வொருவராக விலக, 2013 பிப்ரவரி 5-இல் ஏபிபி இயற்கைக் காட்டை வெட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

சிங்கப்பூரின் பாமாயில் வணிக நிறுவனமான வில்மார் இன்னும் கடினமான இலக்கு. அப்போது உலகப் பாமாயில் வணிகத்தில் சுமார் 45 சதவீதம் அதன் கையில். ஆனால் அதற்கு மேலைநாட்டுக் கடை அலமாரியில் முகம் இல்லை. அதனால் சீனாவில் அதன் கூட்டாளியாக இருந்த கெல்லாக்ஸ், அதன் பெரிய வாடிக்கையாளரான யூனிலீவர், முதலீட்டாளர்கள் என்று மூன்று பக்கமும் அழுத்தினார்கள். 2013 ஜூனில் சுமத்ராவின் புகை சிங்கப்பூரை மூடியதும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 5-இல், தன் தோட்டங்களுக்கு மட்டுமின்றித் தனக்கு விற்கும் எல்லோருக்கும் பொருந்தும் கொள்கையை வில்மார் அறிவித்தது: காடழிப்பு கூடாது, பீட் எனும் கரிச் சதுப்பில் புதிதாக நடக் கூடாது, மக்களைச் சுரண்டக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். காடு என்றால் எது என்று வரையறுக்காவிட்டால் இந்த உறுதிமொழிக்கு மதிப்பில்லை. ஒருமுறை மரம் வெட்டிய காட்டைக் கம்பெனிகள் சீரழிந்த நிலம் என்று எழுதிவிட்டுப் பனை நட்டுவந்தன. இதற்காகத்தான் உயர் கரிம இருப்பு முறை வந்தது. தாவரப் போர்வையை ஆறு வகையாகப் பிரிப்பார்கள்: அடர்காடு, நடுத்தரக் காடு, அடர்த்தி குறைந்த காடு, மீண்டு வரும் இளங்காடு, புதர், வெற்றுநிலம். முதல் நான்கும் காடு. கடைசி இரண்டில்தான் நடலாம்; அதுவும் அங்குள்ள மக்கள் முன்கூட்டியே, கட்டாயமின்றி, விவரம் அறிந்து சம்மதித்தால் மட்டும். பீட் நிலத்தில் ஆழம் எவ்வளவானாலும் தடை. ஏனென்றால் வடிகால் வெட்டி நீரை இறக்கியதும் பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த கரி காற்றுப்பட்டு மட்கி, நிலம் முதல் ஐந்தாண்டில் ஒரு மீட்டருக்கு மேலும், பிறகு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டரும் தாழும். காய்ந்த பீட் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனியும். ஆர்எஸ்பிஓ சான்றிதழ் 2018 நவம்பர் வரை இவ்வளவு கண்டிப்பாக இல்லை. சான்றிதழ் பெற்ற எண்ணெய் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்று அந்த அமைப்புகள் சொன்னதற்கு இதுவே காரணம்.

உறுதிமொழிக்குப் பிறகுதான் பெரும்பாலான பிரசாரங்கள் தோற்கின்றன. பெயரளவில் தனியான, குடும்பம் வழியாக இணைந்த நிழல் நிறுவனங்கள் முதல் ஓட்டை. 2018-இல் வில்மாரின் இணை நிறுவனர் குடும்பத்தோடு தொடர்புள்ள தோட்டக் குழுமம் காடழித்ததை கிரீன்பீஸ் வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் வில்மார் பொறுப்பிலிருந்து விலகினார். ஏபிபியோடு நடத்திய பேச்சையும் இதே வகைக் காரணத்துக்காக கிரீன்பீஸ் அந்த ஆண்டு முறித்துக்கொண்டது. இரண்டாவது ஓட்டை தரகர்கள். ஆச்சே மாகாணத்து ராவா சிங்கில் சரணாலயத்துக்குள் வெட்டிய குலைகள் தரகர் வழியாக அருகிலுள்ள மில்களுக்குப் போவதை ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் காட்டியது. மில் வரை தடம் தெரிந்தால் போதாது, தோட்டம் வரை தெரிய வேண்டும் என்பது அப்போது உறுதியானது.

இதில் வருத்தம் தரும் இன்னொரு பக்கமும் உண்டு. இந்தோனேசியப் பனைப் பரப்பில் சுமார் 40 சதவீதம் சிறு விவசாயிகள் கையில். பலரிடம் பட்டா இல்லை, வரைபடம் இல்லை. பிரச்சினை என்றதும் மில்லையே கைகழுவிவிடுவது பெரிய கம்பெனிக்கு எளிது. அடி விழுவது அவர்கள்மேல். விலக்குவதற்கு முன் கெடு கொடுத்து, வெட்டிய காட்டை மீட்கத் திட்டம் கேட்டு, விவசாயிகளின் நிலத்தை அளந்து பதிய உதவுவதே முறை. 2016-இல் ஆர்எஸ்பிஓ மலேசியாவின் ஐஓஐ என்ற பாமாயில் குழுமத்தின் சான்றிதழை நிறுத்திவைத்ததும் யூனிலீவர், நெஸ்லே, மார்ஸ், கெல்லாக்ஸ் எல்லாம் விலகின. பிறகு அந்தக் குழுமம் திருத்தத் திட்டத்தோடு வந்தது. பணத்தின் வழியாகவும் அழுத்தலாம்: 2020 அக்டோபரில் பிராக்டர் அண்டு கேம்பிள் பங்குதாரர் கூட்டத்தில், காடழிப்பை நிறுத்தும் முயற்சி பற்றி அறிக்கை கேட்ட தீர்மானத்துக்கு, நிர்வாகம் எதிர்த்தும், 67 சதவீத வாக்கு விழுந்தது.

2020 வாக்கில் இந்தோனேசிய, மலேசிய சுத்திகரிப்புத் திறனில் 83 சதவீதம் இத்தகைய கொள்கையின் கீழ் வந்துவிட்டது. 2021-இல் இந்தோனேசியாவின் முதன்மைக் காட்டு இழப்பு தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாகக் குறைந்தது. அரசின் தடையாணைகளுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் மீதமுள்ள 17 சதவீதம் யாருக்கு விற்கிறது? கேள்வி கேட்காத சந்தைக்கு. உலகில் மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டன், சில ஆண்டுகளில் அதற்கும் மேல். இங்கே விலையைக் கேட்கிறோம், மில்லைக் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, நிறுத்தச் சொல்லவில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகம் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளை டெண்டர் மூலம் வாங்குகிறது. அவ்வளவு பெரிய வாங்குபவர் இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒவ்வொரு கப்பல் சரக்குக்கும் மூல மில்களின் பெயரும் பொது அடையாள எண்ணும் என்ன? எந்தத் தேதிக்குப் பிறகு அழித்த காட்டின் குலையை அந்த மில்கள் ஏற்பதில்லை? பெரிய வணிகர்களிடம் இந்தத் தரவு ஏற்கெனவே இருக்கிறது, ஐரோப்பிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார்கள். முதல் ஆண்டு யாரையும் விலக்காமல் பட்டியலை மட்டும் வாங்கி வெளியிடலாம். அடுத்த ஆண்டு முதல், பட்டியல் தராதவரின் விலைப்புள்ளியைத் திறக்க வேண்டியதில்லை.

அதுவரை நுகர்வோர் அமைப்புகள் சும்மா இருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, கடந்த டெண்டர்களில் பாமாயில் வழங்கிய நிறுவனங்களின் பெயர், அளவு, இறக்கிய துறைமுகம் ஆகியவற்றைக் கேட்கலாம். பெயர் கிடைத்ததும் அந்த நிறுவனம், அல்லது அதற்கு விற்ற வணிகர், வெளியிட்டிருக்கும் மில் பட்டியலை எடுத்து, காட்டிழப்பைக் காட்டும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இணைய வரைபடத்தில் ஒவ்வொரு மில்லைச் சுற்றியும் 50 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுப் பார்க்கலாம். கணினியும் பொறுமையும் உள்ள இரண்டு கல்லூரி மாணவர்களால் செய்ய முடிகிற வேலைதான் இது. அப்படி ஒரு பட்டியல் தயாரானால், அதை உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தூத்துக்குடி