செவ்வாயோடு ஓர் ஆண்டு: நம் வானியல் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் மே மாதம் தவிர ஒழுங்காக நடந்தன. அக்டோபரில் வால்மீன் பார்க்க இரண்டு நாள் மாலை கடற்கரையில் காத்திருந்தோம், இரண்டு நாளும் மேகம். மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நாம் கையில் எடுத்தது செவ்வாய் ஒன்றைத்தான். அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் செவ்வாயைப் பற்றித்தான் இருக்கும்.

ஏன் ஒரே கோள் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கலாம். சென்ற பொதுக்குழுவில் மண்டபம் ஊர் உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னது நினைவிருக்கும். "ஒரு மாசம் கருந்துளைங்கிறீங்க, மறு மாசம் நிலாங்கிறீங்க. ஒரு எடத்துல வலையப் போட்டுட்டு கொஞ்ச நேரம் இருந்து பாருங்க சார்" என்றார். சரி என்றுதான் பட்டது. 2025 ஜனவரியில் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கத் தெரியப் போகிறது என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில் மணலில் இருந்து தொடங்கினோம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்து, செவ்வாயின் பெரிய நில அமைப்புகளைக் கடற்கரை ஈர மணலில் பிள்ளைகளே கட்டினார்கள். செவ்வாயின் விட்டம் 6,779 கிலோமீட்டர், பூமியில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அங்கே கடல் இல்லாததால், நம் பூமியில் இருக்கும் தரை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தரை அங்கும் இருக்கிறது. முதலில் ஒலிம்பஸ் எரிமலை. உயரம் சுமார் 22 கிலோமீட்டர், அடிவாரத்தின் அகலம் சுமார் 600 கிலோமீட்டர். நம் கணக்கில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மணலைப் பரப்பி நடுவில் 22 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். கட்டி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முகம் வாடிவிட்டது. "சூரியக் குடும்பத்துலயே பெரிய மலைன்னீங்க, இது தோசை மாதிரி இருக்கே" என்றான். பக்கத்தில் அதே அளவில் எவரெஸ்டை வைக்கச் சொன்னேன். ஒன்பது சென்டிமீட்டர்கூட வரவில்லை. அப்புறம்தான் அவனுக்குப் பிடிபட்டது.

அந்த மலை ஏன் அவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்கு அன்று நல்ல பேச்சு நடந்தது. பூமியில் மேலோடு துண்டு துண்டாக நகர்கிறது. கீழிருந்து எரிமலைக் குழம்பு வரும் இடம் ஒன்றாகவே இருந்தாலும் மேலே தரை நகர்ந்துவிடுவதால், ஹவாயில் போலத் தீவு தீவாக எரிமலைகள் வரிசை கட்டுகின்றன. செவ்வாயில் மேலோடு அப்படி நகர்வதில்லை. குழம்பு ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கொட்டிக் குவிந்தது. ஈர்ப்பும் நம்மில் 38 விழுக்காடுதான் என்பதால் அவ்வளவு எடையையும் தரை தாங்கியது.

மரினர் பள்ளத்தாக்குக்கு மணலில் 40 மீட்டர் தேவைப்பட்டது. உண்மையில் அதன் நீளம் 4,000 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 7 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் தொடங்கினால் காஷ்மீரைத் தாண்டியும் போகும். அன்று மாலை கடல் ஏறி வந்து பள்ளத்தாக்கில் தண்ணீர் புகுந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிச் சரியாகப் பத்து ஆண்டு. அன்று மாலை சிறப்புக் கூட்டம். 2013 நவம்பர் 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட கலம் அது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள், 2022 வரை உழைத்தது. அதன் பாதை நீள்வட்டமானது. கிட்டத்தில் சுமார் 420 கிலோமீட்டர், எட்டத்தில் 77,000 கிலோமீட்டர் அளவில். அவ்வளவு தள்ளிப் போனதால்தான் செவ்வாயை முழு உருண்டையாக ஒரே படத்தில் எடுக்க முடிந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்று தலைவர் சொன்னதும் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கூட்டம் நடத்தியது நல்லது என்று நினைக்கிறேன்.

நவம்பர் கூட்டம் தள்ளிப்போனது. காரணம் எல்லாருக்கும் தெரியும். 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பன், தங்கச்சிமடம் எங்கும் வீட்டுக்குள் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு கூடியபோது பேச்சு இயல்பாகவே மழைக்குப் போனது. செவ்வாயின் காற்றில் இருக்கும் நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும் தெரியுமா? சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு வாரத்துக்கு முன்தான் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைத்திருந்த ஓர் அம்மா அதைக் கேட்டு, "அப்ப அங்க ஒரு சொட்டு கூட விழாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விழாது அம்மா. உறைபனியாகப் படியும், துருவத்துப் பக்கம் மண்ணுக்கு அடியில் பனிக்கட்டியாகக் கிடக்கும். ஃபீனிக்ஸ் கலம் 2008இல் மண்ணைச் சுரண்டிப் பார்த்து அதைக் காட்டியது. தண்ணீராக மட்டும் நிற்காது.

ஏன் நிற்காது என்பதை டிசம்பரில் செய்து காட்டினோம். இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. ஊசி இல்லாத சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரைக் கால் பங்கு ஏற்றி, உள்ளே காற்றில்லாமல் செய்து, வாயை விரலால் அடைத்துப் பிஸ்டனை இழுத்தால் உள்ளே தண்ணீர் கொதிக்கும். அடுப்பு இல்லை, சூடு ஏறவில்லை, ஆனாலும் குமிழி குமிழியாகக் கொதிக்கும். மேலே அமுக்கும் காற்று குறைந்தால் தண்ணீருக்குக் கொதிக்க அதிகச் சூடு வேண்டியதில்லை. கடல் மட்டத்தில் நம் மேல் அமுக்கும் காற்று 1,013 மில்லிபார். செவ்வாயில் வெறும் 6 மில்லிபார் அளவு. அங்கே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் ஒரு பக்கம் கொதித்து ஆவியாகும், மறுபக்கம் உறையும். சிரிஞ்சை முதலில் இழுத்த மாணவி பயந்து விரலை எடுத்துவிட்டாள். இரண்டாம் தடவை தானே கேட்டு வாங்கி, ஆறேழு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்த மெல்லிய காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. குளிர்காலத்தில் துருவத்தில் அந்த வாயுவே உறைந்து படிந்துவிடுகிறது. கோடை வந்தால், கற்பூரம் உருகாமலே கரைவது போல, நேராக வாயுவாகிறது. இதனால் ஓர் ஆண்டுக்குள் கோள் முழுவதும் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு ஏறி இறங்குகிறது. காற்றே பனியாகக் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது என்று சொன்னால் பொருந்தும்.

இனி ஜனவரி. 12ஆம் தேதி செவ்வாய் நமக்கு மிக அருகில் வந்தது, சுமார் 9.6 கோடி கிலோமீட்டர். 16ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிர். உச்சிப்புளிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்று நமக்கு இடம் கொடுத்தது. மீன் ஏலக் கூடத்தின் விளக்கைப் பத்து மணிக்கு மேல் அணைத்து வைக்க ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். அவர்களுக்கு மன்றத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. போகி இரவில் முழு நிலா, அதன் அருகே சிவப்பாகச் செவ்வாய். பழந்தமிழில் செம்மீன் என்ற பெயரும் செவ்வாய்க்கு உண்டு. அன்று கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களும் பக்கத்திலேயே இருந்ததால் நிற வித்தியாசம் எடுப்பாகத் தெரிந்தது.

தொலைநோக்கியில் தெரிந்தது சின்ன ஆரஞ்சு வட்டம், வட ஓரத்தில் வெள்ளையாகத் துருவப் பனி, நடுவில் மங்கலாக ஒரு கருந்திட்டு. எல்லார் கண்ணுக்கும் முதலிலேயே தெரியவில்லை. கண்ணைப் பொருத்தி இரண்டு நிமிடம் பொறுமையாக இருந்தவர்களுக்கே தெரிந்தது. மகளின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று வருத்தத்தோடு வந்திருந்த ஒரு தாய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இம்புட்டுத்தானா, பாவம், ஒத்தையில கெடக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மறுநாளும் மகளோடு வந்தார்.

பிள்ளைகள் நோட்டில் வரைந்து வைத்ததில் ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. தொடர்ந்து ஐந்து இரவுகள் ஒரே நேரத்தில் பார்த்தும் கருந்திட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்தங்கியே இருந்தது. செவ்வாயின் ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம் என்று புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, "கடல் ஏறுறது தினமும் முக்கா மணி நேரம் தள்ளிப் போகுமே, அது மாதிரியா?" என்று கேட்டாள். கணக்கு வேறு, காரணமும் வேறு. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கவனித்தால் இப்படிப் பிடிபடும் என்பதை அவள் கடலிடம் முன்பே கற்றிருந்தாள். அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காற்றைப் பற்றியும் அங்கேதான் பேசினோம், வாடை அடித்துக்கொண்டிருந்த இரவில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த மாதிரிப் புயலுக்குத் தீனி சூடான கடலின் நீராவி. செவ்வாயில் கடல் இல்லை, ஆனாலும் சில ஆண்டுகளில் கோள் முழுவதையும் மூடும் புழுதிப் புயல் எழுகிறது. அங்கே தீனி வெயில்தான். எழுந்த தூசி வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்குகிறது, காற்று வேகம் பிடித்து இன்னும் தூசியைக் கிளப்புகிறது. 2018இல் அப்படித்தான் நடந்தது. அந்த ஜூலையில் செவ்வாய் இன்னும் அருகில், 5.76 கோடி கிலோமீட்டரில் இருந்தும், நம் மூத்த உறுப்பினர்கள் பார்த்தது அடையாளம் ஏதுமில்லாத மஞ்சள் வட்டம்தான். 90 நாள் வேலைக்கு இறங்கிப் பதினான்கு ஆண்டு உழைத்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அந்தப் புழுதியில்தான் வெயில் கிடைக்காமல் அடங்கியது. ஆனால் அந்தக் காற்றின் தள்ளு நம் காற்றின் தள்ளு அல்ல. காற்று அவ்வளவு மெல்லியது என்பதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று இங்கே 13 கிலோமீட்டர் காற்று தள்ளுவது போலத்தான் தள்ளும். "பாய் லேசா உப்பும், அவ்வளவுதானா?" என்றார் மண்டபத்துக்காரர். அவ்வளவுதான்.

வெப்பநிலையும் அப்படியே. பாம்பனில் பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரிகூட வித்தியாசம் இருக்காது, கடல் தாங்கிப் பிடிக்கிறது. செவ்வாயின் நடுக்கோட்டில் கோடை நண்பகல் 20 டிகிரியைத் தொடும், அதே இடம் இரவில் உறைநிலைக்கு 70, 80 டிகிரி கீழே போகும். வெயிலைப் பிடித்துவைக்கக் கடலும் இல்லை, போர்த்திக்கொள்ளக் காற்றும் இல்லை.

பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரிக்குப் போய்வந்தோம். தேரி மணலின் சிவப்பும் இரும்புத் துருவின் சிவப்பு, செவ்வாயின் சிவப்பும் அதுவே. செவ்வாய்த் தூசியில் இருப்பது நீரைத் தன்னுள் கொண்ட ஃபெர்ரிஹைட்ரைட் என்ற தாதுவாக இருக்கலாம் என்று அதே மாதம் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் அந்தத் துரு பிடித்த காலத்தில் அங்கே குளிர்ந்த தண்ணீர் இருந்திருக்க வேண்டும்.

மார்ச்சில் வற்றத் தொடங்கிய கண்மாய் ஓரத்தில் வெடிப்புகளைப் பார்த்தோம். ஒருமுறை மட்டும் காய்ந்த சேற்றில் ஒரு வெடிப்பு இன்னொன்றில் போய்ச் செங்குத்தாக முட்டி நிற்கும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால் முனைகள் மெல்ல மாறி, கவட்டை போல மூன்றாகச் சமமாகப் பிரியும். இந்தக் கவட்டை வெடிப்புகள் கல்லாக உறைந்து கிடப்பதை கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் கண்டது. 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே தண்ணீர் வந்து வந்து வற்றியிருக்கிறது. பிள்ளைகள் மண்டியிட்டு உட்கார்ந்து கவட்டைகளை எண்ணினார்கள். கண்மாய்க்குள் நடந்தே வளர்ந்த நானும் அதுவரை ஒரு வெடிப்பையும் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் நம் ஆறு அங்குலத் தொலைநோக்கியின் கண்ணாடிப் பூச்சு புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் மறுபூச்சுக்குக் கொடுத்தோம். மூன்று வாரம் என்றார்கள், மூன்று மாதம் ஆனது. ஜனவரிக்குப் பத்து நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. அந்தப் பதற்றம் இனி வேண்டாம். பார்த்து முடித்ததும் துணியால் மூடி, ஈரம் உறிஞ்சும் பையோடு பெட்டியில் வைப்பது யார் பொறுப்பு என்று இந்தக் கூட்டமே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை செவ்வாய் எதிரே வருவது 2027 பிப்ரவரி 19. அப்போது இதைவிடக் கொஞ்சம் தொலைவு, வட்டமும் சிறிதாகவே தெரியும். 2035 செப்டம்பரில்தான் ரொம்ப அருகில், 5.7 கோடி கிலோமீட்டர் அளவில் வரும். இன்று ஏழாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவர்கள் வரைந்த ஜனவரி நோட்டுகளைச் சேகரித்து மன்றப் பீரோவில் வைத்திருக்கிறேன். இரண்டு பேருடையது இன்னும் வரவில்லை. இன்று கொண்டுவந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்