மொஹீனின் குதிரைகளும் உன் பத்தொன்பது பேரும்

அன்புள்ள ரகு,

நேற்று உங்கள் பாட்டுக் குழுவின் நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லிவிட்டு ராத்திரி நீ போனை வைத்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "பத்தொன்பது பேர்மா. அதுலயும் நாலு பேர் டிரம்மரோட சொந்தக்காரங்க" என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. அப்பா, "வேலையை விடப்போறானாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துவிட்டார். எனக்குப் போனில் பேச்சு கோவையாக வராது. பேங்கில் லெட்ஜர் எழுதியே பழகின கை, எழுதினால்தான் ஓடும்.

தமிழிலேயே பாடினால் கூட்டம் சேராது, நாலு இங்கிலீஷ் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த இடத்துக்காரர் சொன்னாராமே. அதைக் கேட்டதும் எனக்குக் கல்கத்தா ஞாபகம் வந்துவிட்டது. அங்கே லேக் மார்க்கெட் பக்கத்துக் கதைகளை உனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்றுகூட வைத்துக்கொள்.

நான் காலேஜ் போன நாட்களில் அந்த ஊரில் கிடார் என்றால் பார்க் ஸ்ட்ரீட். அங்கே ஓட்டல்களில் சாப்பிட வருகிறவர்களுக்காக வாசிப்பார்கள், இங்கிலீஷ் பாட்டுதான். பெங்காலியில் கேட்க வேண்டுமென்றால் தாகூரின் ரவீந்திர சங்கீதம், சினிமாப் பாட்டு, ரேடியோவில் வரும் 'ஆதுனிக்', அதாவது நவீன மெல்லிசைப் பாட்டு. எங்கள் தெருவில் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போய், அரிக்கேன் விளக்கில் படித்துக்கொண்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த பையன்களின் பேச்சு அந்தப் பாட்டுகளில் இருக்காது.

1975-ல் ஏழு பேர் சேர்ந்தார்கள். தலைவர் என்று சொன்னால் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி காலேஜில் படித்தவர், பார்க் ஸ்ட்ரீட்டில் வாசித்தும் இருக்கிறார். நக்ஸல் இயக்கத்தில் போய் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்ததும் கல்கத்தாவை விட்டுவிட்டு போபால், ஜபல்பூர் என்று மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். திரும்பி வந்து நாக்தலாவில் தன் வீட்டிலேயே தம்பிகள் பிரதீப், பிஸ்வநாத், உறவுக்காரர் ரஞ்சன் கோஷால், சிநேகிதர்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஆரம்பித்ததுதான் அந்தக் குழு. கிடாரோடு வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன். ராக்கும் ஜாஸும் இருக்கும், திடீரென்று பாவுல் பாட்டுக்காரன், அந்த ஊர் நாடோடிப் பாடகன், ரயிலில் ஏறினதுபோல ஒரு இழுப்பும் இருக்கும்.

பெயர் வைக்க அவர்கள் பட்ட கஷ்டத்தைக் கேள். முதலில் 'சப்தரிஷி', ஏழு பேர் இல்லையா. அப்புறம் 'தீரந்தாஜ்', வில்லாளி என்று அர்த்தம். நடுவில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்' என்றுகூட வேடிக்கையாக வைத்துக்கொண்டார்களாம். உங்கள் குழு மூன்று தடவை பெயர் மாற்றினதற்கு நான் சிரித்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடைசியில் ரஞ்சன் சொன்ன பெயர் நின்றது: 'மொஹீனேர் கோடாகுலி', மொஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் கவிதையில், கார்த்திகை மாத நிலா வெளிச்சத்தில் புல் மேய்கிற குதிரைகள். மொஹீன் யார் என்று கவிதையிலும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

1977, 78, 79, வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சின்ன இசைத்தட்டு போட்டார்கள். மொத்தப் பாட்டு பத்தைத் தாண்டாது. இரண்டாவது தட்டின் பெயரே ஒரு குறும்பு. பறக்கும் தட்டு என்கிறோமே, அந்த யூ.எஃப்.ஓ.வைப் பெங்காலியில் 'அஜானா உடந்த பஸ்து' என்று ஆக்கி, அதையும் முதலெழுத்தாகச் சுருக்கி அட்டையில் போட்டார்கள். மேல்வீட்டு தாதா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதை வாங்கிவந்து எங்கள் கிராமபோனில் போடச் சொன்னான். தாத்தா அரை நிமிஷம் கேட்டார், ஊசியை எடுத்தார், எம்.எஸ். தட்டை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த வெட்கக் கதை. 1979-ல் ரவீந்திர சதன் அரங்கில் அவர்கள் நிகழ்ச்சி. மேல்வீட்டு தாதாவின் தங்கை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் இருந்தவர்களைப் பார்த்தால் நம் தெரு மூலையில் டீ குடிக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். எனக்கோ, எப்போது தெரிந்த பாட்டு ஒன்று பாடுவார்கள் என்று இருந்தது. நாலாவது பாட்டிலோ ஐந்தாவதிலோ, பஸ் கிடைக்காது, அப்பா திட்டுவார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். கதவருகே போனதும் திரும்பிப் பார்த்தேன். வயலின் வாசிக்கிறவர் என்னைப் பார்த்தமாதிரி இருந்தது. பார்த்திருக்கமாட்டார், மேடை விளக்கில் ஒன்றும் தெரியாது என்று நீ சொல்வாய். பஸ் என்னவோ உடனே கிடைத்தது.

1981-ல் குழு கலைந்தது. பெரிய சண்டை என்று எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவரவர் வேலைக்குப் போனார்கள். கௌதம் சினிமா எடுத்தார், 1983-ல் 'நாக்மதி'க்குத் தேசிய விருது கிடைத்தது. ரஞ்சன் கோஷால் உன் பெங்களூரிலேதான் விளம்பரம், நாடகம் என்று பல வருஷம் இருந்தார். 2020-ல் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமாகி மெட்ராஸ் வந்தபிறகு, அந்த மேல்வீட்டுப் பெண் ஒரு கேசட் அனுப்பினாள். 1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வந்தது. 'ஆபார் பொச்சொர் குடி பொரே', மீண்டும் இருபது வருஷம் கழித்து. அதுவும் ஜீவனானந்தரின் வரிதான். கௌதம் அதில் பழைய பாட்டுகளைத் திருப்பிப் போடவில்லை. இளையவர்களைக் கூப்பிட்டுப் பாடவைத்து, பத்திரிகை ஆசிரியர் மாதிரி 'தொகுத்தது: மொஹீனேர் கோடாகுலி' என்று போட்டுக்கொண்டார். அதற்குள் ஊரில் பையன்கள் எல்லாரும் பெங்காலியில் குழு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கேசட்டில் 'ப்ருத்வி' என்று ஒரு பாட்டு. 2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகி பீகி' என்று வந்ததே, நீ ஸ்கூல் வேனில் கத்திக்கொண்டு வருவாயே, அந்த மெட்டு இதுதான். கௌதம் அதைக் கேட்கவில்லை. 1999-லேயே மாரடைப்பில் போய்விட்டார்.

நீயும் இருபது வருஷம் காத்திரு என்று சொல்ல வரவில்லை. அது கொடுமை. பி.எஃப். பிடிக்கிற வேலை இருக்கிறது, சனி ஞாயிறு பாடு. அவர்களில் அநேகம் பேர் பாட்டை நம்பிச் சாப்பிடவில்லை. அப்பா கேள்விக்கு இதுதான் பதில் என்று நான் சொல்லிவிடுகிறேன், நீ வேறு மாதிரி முடிவு செய்தால் நீயே சொல்லிக்கொள்.

பேங்க்காரி புத்தியில் இரண்டு விஷயம். நேற்று பாடினதை யாராவது ஒழுங்காகப் பதிவு செய்தீர்களா? போனில் எடுத்தது கணக்கில் இல்லை. அந்த மூன்று தட்டுகளை நான் எங்கெல்லாமோ தேடிவிட்டேன், ஒன்றுகூட அகப்படவில்லை. மேல்வீட்டு தாதா வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டானாம். இன்னொன்று, எந்தப் பாட்டு யார் எழுதினது, மெட்டு யாருடையது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். இப்போது சிநேகிதமாக இருக்கும்போதே போடுங்கள்.

இங்கிலீஷ் பாட்டு விஷயம் உன் இஷ்டம். எனக்கு உன் மாம்பலம் ஸ்டேஷன் பாட்டுதான் பிடித்தது, அந்தச் சரணத்தில் மட்டும் டிரம்ஸ் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

கேசட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் பிளேயர் இல்லை என்று தெரியும், பழையது ஒன்றையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாடா சிக்கினால் இழுக்காதே, பென்சிலை விட்டுச் சுற்று. இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் குக்கர் விசில் கேட்கும், அது நான் தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பத்தொன்பது பேரில் யாராவது பாதியில் எழுந்து போனார்களா? அடுத்த தடவை போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அம்மா