வெட்டாமல் விடுகிற ஒரு கொப்பு

அன்பு மகளுக்கு,

போகவந்தலாவையில் மழை விட்டபாடில்லை. அம்மா சுகம். கண்டியில் ஆஸ்பத்திரி நைட் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல், இப்போது வாலிபர் சங்கச் செயலாளராகவும் கேட்கிறார்கள் என்றாய். "நல்ல வேலைதானே அப்பா, எப்படி வேண்டாம் என்பது?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை.

உன் ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் கீழ் டிவிசனில் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு லயத்து வீட்டுக்கு வந்தால், ரிசல்ட் எழுதிய தாளைப் பிடித்தபடியே காம்பராச் சுவரில் சாய்ந்து நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அந்த ஜெபக்கூட்டத்தில் நான் செய்தது என்ன? பாய் விரித்தேன், பாட்டுப் புத்தகம் கொடுத்தேன். அதற்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். உனக்கு அப்பா நான் ஒருத்தன்தானே.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது கெட்ட வேலையா? ஆனாலும் பன்னிரண்டு அப்போஸ்தலரும் அது தங்கள் வேலையில்லை என்று சொல்லி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஒருவனாக ஸ்தேவானுக்கு இடம் கிடைத்ததே அப்படித்தான். நீ எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் யாரோ ஒரு பிள்ளைக்கு இடமில்லாமல் போகும்.

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே நரைத்தவன் நான். கத்தி போட்டால் காய்ந்த கொப்பு மட்டுமா விழும்? பச்சைக் கொப்பும் சேர்ந்துதான் விழும். ஆனால் சில மலையில் ஒரு கொப்பை விட்டுவைப்போம், செடி மூச்சு வாங்கட்டும் என்று. துளிர் வந்த பிறகுதான் அதை எடுப்பது. உனக்கு அந்தக் கொப்பு எது? காலை ஜெபமா, டியூட்டி முடிந்து தூங்குகிற தூக்கமா? நீயே பார்.

ஒன்று மட்டும் செய்யாதே. நம் ஆட்கள் மாதிரி "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வராதே. மறுக்கிற மனமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறோம், ஆனால் கேட்டவர் நம்மை நம்பி வேறு ஆளே தேட மாட்டார். முடியாது என்றால் இந்த வாரமே பாஸ்டர் ஐயாவிடம் சொல்லிவிடு. காரணத்தை நீட்டவும் வேண்டாம். நீட்டினால் அதற்கெல்லாம் அவர் ஒரு வழி சொல்வார்!

எனக்கும் போன ஞாயிறு சபைக் கமிட்டிக்கு மறுபடி கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. வீடு வந்து பிளேன்டீ குடித்த பிறகுதான் சரியானது.

லீவு எப்போது என்று எழுது.

அன்புடன்
அப்பா