ஆசிரியர் பயிற்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சியத் திட்டமிடுற அதிகாரிகளுக்கு வணக்கம்.

முக்கியத் திறன்கள வகுப்புக்குள்ள கொண்டு வரணும்னு நீங்க சொல்றத நான் முழு மனசா ஏத்துக்கிறேன். ஐரோப்பிய யூனியன் 2006ல எட்டுத் திறன்னு பட்டியல் போட்டு 2018ல திருத்துச்சு, நியூசிலாந்து 2007 பாடத்திட்டத்துல அஞ்சுன்னு வச்சாங்க, எண்ணிக்கை எதுவா இருந்தாலும் யோசிக்கிறது, சேர்ந்து வேலை செய்யறது, தானா கத்துக்கிறது எல்லாம் பிள்ளைங்களுக்கு கண்டிப்பா வேணும். ஆனா அந்தப் பட்டியல ரெண்டு நாள் ஸ்லைடு போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பிட்டா அது வகுப்புக்கு வந்து சேருமா? போன தடவை குழுவா கத்துக்கிறதப் பத்தி காலையில இருந்து ஒருத்தரே பேசினாரு, நாங்க வரிசையா உக்காந்து கேட்டுட்டு எந்திரிச்சு வந்தோம், ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

எனக்கு உதவுனது வேற. கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து, நான் கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்கேன்னு வாட்ச் பாத்து குறிச்சாங்க. பல தடவை ஒரு செகண்டு கூட இல்ல, அதுக்குள்ள எப்பவும் கை தூக்குற பையனக் கூப்பிட்டுடுறேன், இல்லன்னா நானே பதிலச் சொல்லிடுறேன். மேரி பட் ரோங்கிற ஆய்வாளர் 1970கள்லயே இத அளந்து சொல்லியிருக்காங்க, ஆசிரியர்கள் காத்திருக்கிறது சராசரியா ஒரு செகண்டுதான், அது மூணு செகண்டு ஆனாலே பிள்ளைங்க நீளமா பதில் சொல்றாங்க, புதுப்புது பிள்ளைங்களும் பேச வர்றாங்கன்னு. மறுநாள் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு நின்னேன், மூணு செகண்டு எவ்ளோ நீளம்னு அப்படி நின்னாத்தான் தெரியும், எப்பவும் வாயே தெறக்காத ஒரு பொண்ணு "இதுக்கு ரெண்டு பதில் வரலாமா சார்"னு கேட்டுச்சு. யோசிக்கும் திறன்னு ஸ்லைடுல எழுதியிருந்தது எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அதனால கேக்குறேன், ரெண்டு நாள்ல எல்லாத்தையும் கொட்டாம மாசத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தக் குடுங்க, நாங்க செஞ்சு பாக்குறோம், அப்புறம் யாராவது வந்து கூட உக்காந்து பாருங்க, ஆனா குறை எழுத வராதீங்க, மார்க்கும் போடாதீங்க, அப்படி வந்தா அன்னிக்கு எல்லாரும் ஒத்திகை பாத்த பாடத்தத்தான் நடத்துவோம். தேர்வுலயும் மனப்பாடத்துக்கு மட்டுமே மார்க்குன்னா நாங்க எங்க போயி காத்திருக்கிறது, அதையும் சேத்து மாத்துங்க.

முக்கியமா, அடுத்த பயிற்சிக்குத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி டைம்டேபிள்ல வாரம் ஒரு பீரியட எங்களுக்கு ஒதுக்கிக் குடுங்க. பக்கத்து வகுப்புல போயி உக்காந்து பாக்குறதுக்கு.

இப்படிக்கு,
ஒரு வகுப்பாசிரியர்