பில் பாஸ் ஆகும் முன் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலியைக் கேட்டு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் போராடுவது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழகிப்போன செய்தி. கூலி எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பதிவேட்டில் எத்தனை நாள் எழுதுகிறார்கள், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சாலையில் ஆள் வருகை எழுதும் டைம் ஆபீசில் காலம் தள்ளியவனுக்குக் கண் அங்கேதான் போகிறது.

நாளுக்கு 500 ரூபாய், 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 13,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முக்கால் சதவீதம் 98. கைக்கு 11,342 வர வேண்டும். காண்ட்ராக்டர் தன் பங்கு பி.எஃப். தொகையையும் தொழிலாளி தலையில் கட்டினால் இன்னொரு 1,560 போச்சு. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு இது தெரிய வழியே இல்லை. எங்கள் வீதி கூட்டும் அம்மாவிடம் கேட்டேன். "சீட்டெல்லாம் இல்லீங்க, மேஸ்திரி சொல்றதுதானுங்க கணக்கு" என்றார்.

நாளைக் குறைத்து எழுதுவது இதைவிட மோசம். நோய்க்கால உதவித்தொகைக்கு, ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது இ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருக்க வேண்டும். நாள் தவறாமல் வேலைக்கு வந்தவர், ஏட்டில் பாதி நாள்கூட எழுதப்படவில்லையென்றால், படுத்த படுக்கையாகும்போது சம்பளத்தில் 70 சதவீதம் என்ற உரிமையை இழக்கிறார். சாக்கடையிலும் குப்பையிலும் கை வைப்பவருக்குக் காய்ச்சல் வராமலா இருக்கும்?

காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிறுவனமே தர வேண்டும், பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்றது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது; சம்பளச் சீட்டும் கட்டாயம். 'அது காண்ட்ராக்டர் விஷயம்' என்று மாநகராட்சியோ மருத்துவமனையோ கை கழுவ முடியாது.

காண்ட்ராக்டர் பணம் கேட்டுத் தரும் பில்லோடு வரும் பி.எஃப். சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். அவர் பி.எஃப். அலுவலகத்துக்குக் கொடுக்கும் மாதாந்திர ரிட்டர்னில்தான் ஆளுக்கு ஆள் பெயரும் சம்பளமும் இருக்கிறது. அதிகாரிகள் அதை வாங்கி வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். பெயர், நாள், கூலி, பிடித்தம் நான்கையும் எழுதி, காலையில் அட்டெண்டன்ஸ் போடும் இடத்தில் ஒட்டட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மேஸ்திரி அல்லாத யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாத ஆள் பெயரில் பில் போட்டிருந்தால், தணிக்கைக்காரர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கு நிற்கும் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

– ஓய்வுபெற்ற பஞ்சாலை ஊழியர்,
சிங்காநல்லூர், கோவை