தம்பி எறும்பு பின்னாடி போகட்டும், விடு

அன்பு மகளுக்கு,

போன்ல அவசரமா பேசிட்டு வச்சிட்ட, அதான் உக்காந்து எழுதுறேன். நீளமா போகும், வேலை எல்லாம் முடிச்சிட்டு ராத்திரி படி. உன் மகன், நம்ம தம்பி, கோண்டோ (அடுக்குமாடி வீடு) காரிடோர்ல எறும்பு பின்னாடியே போறான், லிஃப்ட் வந்து நின்னாலும் வர மாட்டேங்குறான்னு சலிச்சிக்கிட்ட. விடும்மா. ஆறு வயசுப் புள்ள ஒரு எறும்ப அவ்வளவு நேரம் பாக்குறான்னா அது டியூஷன் வச்சாலும் வராத விஷயம்.

அவன் எது கேட்டாலும் உடனே போன எடுத்து தேடி பதில் சொல்லிடாத. நீ என்ன பாத்தன்னு முதல்ல கேளு, அப்புறம் அது அப்படித்தான்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேளு. விஞ்ஞானிங்க வேலையே இந்த ரெண்டாவது கேள்வியிலதான் ஆரம்பிக்குது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்ட ஒண்ண ஒருத்தர் நேர்ல போய் பாப்பாரு. நம்ம குடும்பத்தையே தொட்டுப்போன ஒரு கதை இதுல இருக்கு, உனக்கு முழுசா சொன்னதில்ல.

என் அம்மா, உங்க ஆயா, மலேசியாவுல ஜொகூர்ல செம்பனைத் தோட்டத்துல, அதான் பாமாயில் எடுக்குற எண்ணெய்ப் பனை, வேலை செஞ்சாங்கன்னு தெரியும், என்ன வேலைன்னு தெரியுமா? இருட்டோட பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கு எடுக்குற இடத்துக்கு, போய் பேர் குடுத்துட்டு, டால்கம் பவுடர்ல மகரந்தத் தூள் கலந்த டப்பாவ தூக்கிக்கிட்டு மரம் மரமா போகணும், எந்த மரத்துல பெண் பூ விரிஞ்சிருக்குன்னு பாத்து அதுமேல பவுடர பீச்சணும், மட்டை முள்ளு கையெல்லாம் கிழிச்சிடும், சாயந்திரம் வந்து எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அப்ப பெரியவங்க எல்லாம் நெனச்சது என்னன்னா செம்பனைக்கு காத்துதான் மகரந்தம் கொண்டு போகுது, இங்க அது பத்தல, அதனால மனுசங்க செய்யணும்னு. பல தோட்டத்துல பொம்பளைங்க இத வருஷக்கணக்கா செஞ்சாங்க.

செம்பனையோட சொந்த ஊரு மேற்கு ஆப்பிரிக்கா. அங்க யாரும் பவுடர் அடிக்கல, ஆனா காய் நல்லா பிடிக்குது. இது ஏன்னு பாக்கத்தான் ரஹ்மான் சையத்னு ஒரு பாகிஸ்தான்காரரு, பூச்சி விஞ்ஞானி, 1970கள் கடைசியில கேமரூனுக்குப் போனாரு. போய் என்ன செஞ்சாரு, பூவ பாத்தாரு. ஆண் பூ விரியும்போது சோம்பு மாதிரி ஒரு வாசம் வரும், அந்த வாசத்துக்கு மூணு நாலு மில்லிமீட்டர் நீளத்துல கூன்வண்டுங்க கூட்டம் கூட்டமா வருதுங்க, அங்கயே தின்னு அங்கயே முட்டை போடுதுங்க, புழு வாடிப்போன ஆண் பூவ தின்னு வளருது. பெண் பூவும் விரியும்போது அதே வாசத்த விடுது, வண்டு ஏமாந்து உடம்பு பூரா மகரந்தத்தோட அங்க போயிடுது, காய் பிடிச்சிருது! நம்ம நாட்டுக்கு மரம் மட்டும்தான் வந்துச்சு, அந்த வண்டு வரல.

இங்க கதைய நிறுத்திட்டு தம்பிகிட்ட ஒண்ணு கேளு. காத்தா, பூச்சியான்னு நீ எப்படி கண்டுபிடிப்ப? பூவ எதால மூடினா காத்து உள்ள போகும், பூச்சி போகாது? அவனே யோசிக்கட்டும், கொசு வலைய பாத்தா பிடிச்சிருவான். நீ சொல்லிடாத.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. வண்ட கண்டுபிடிச்ச உடனே கொண்டாந்து விட்டுடல. இது வேற பயிர தின்னா என்ன பண்றதுன்னு முதல்ல மத்த செடிங்கள குடுத்து சோதிச்சாங்க, செம்பனை ஆண் பூ இல்லாம அதால பெருக முடியாதுன்னு தெரிஞ்ச பிறகுதான் 1981ல ஜொகூர்ல, குளுவாங் பக்கத்துத் தோட்டத்துல விட்டாங்க. சீக்கிரத்துலயே நாடு பூரா பரவிடுச்சு, பவுடர் டப்பா வேலையும் நின்னு போச்சு. ஆயாவ உதிரிப் பழம் பொறுக்குற வேலைக்கு மாத்துனாங்க, அதுல குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு, இதையும் சேத்தே தம்பிக்கு சொல்லு.

உங்க வீட்டுப் பக்கம் மாமரம் இருந்தா முசுறு கூடு தேடச் சொல்லு, மலாய்க்காரங்க கெரெங்கான்னு சொல்ற செவப்பு எறும்பு. பெரிய எறும்புக்கு நூல் வராது, அதோட புழுவுக்குத்தான் வரும். அதனால கொஞ்சம் எறும்பு சேந்து ரெண்டு இலைய இழுத்துப் பிடிக்கும், இன்னும் சிலது புழுவ வாயில கவ்விக்கிட்டு வந்து இங்கயும் அங்கயும் தொட்டுத் தொட்டு தச்சிடும். தள்ளி நின்னு பாக்கணும், கடிச்சா தாங்க முடியாது.

அப்புறம் செமுட் சார்லி, மலாய்ல செமுட்னா எறும்பு. கோண்டோவுக்குள்ளயும் லைட்டுக்கு வரும், ஆரஞ்சும் கறுப்புமா இருக்கும். எல்லாரும் எறும்பு, கடிக்கும்னு சொல்றாங்க, ரெண்டுமே இல்ல. அது வண்டு. நசுக்கினாதான் உடம்புக்குள்ள இருக்கற விஷம் தோல்ல பட்டு வெந்து போகும். மேல உக்காந்தா ஊதி விடச் சொல்லு, பட்டுடுச்சுன்னா சோப்பு போட்டு கழுவு. பூச்சின்னாலே ஸ்ப்ரே எடுக்காத, இத மட்டும் கேட்டுக்க.

ஒரு கோடு போடாத நோட்டு வாங்கிக் குடு. தேதி, நேரம், எங்க பாத்தான், படம். படம் அசிங்கமா இருந்தா பரவால்ல, கால் ஆறான்னு எண்ணி வரையணும். எட்டு வந்தா அது சிலந்தி, ஏன் அத பூச்சின்னு சொல்லலன்னு அவனே கேப்பான்.

ஸ்கூல் லீவுக்கு வர்றப்ப பினாங்குல தெலுக் பஹாங்ல இருக்கற பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கு கூட்டிட்டுப் போறோம், 1986ல பட்டர்ஃபிளை ஃபார்மா திறந்தது, இப்ப பேரு என்டோபியா. ஆனா அதுக்கு முந்தி நிபோங் திபால் பக்கம் நமக்குத் தெரிஞ்சவங்க செம்பனைத் தோட்டத்துக்குப் போகணும், விரிஞ்ச ஆண் பூ பாத்து வைக்கச் சொல்லியிருக்கேன். பத்து மடங்கு பெருசா காட்டுற கண்ணாடி லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வா, பிளாஸ்டிக் வேணாம். அவனுக்கு முழுக்கை சட்டை, மூடின சப்பாத்து (ஷூ) வேணும், சைஸ் மாறியிருந்தா சொல்லு, அப்பா இங்கயே வாங்கி வச்சிடுவாரு.

அன்புடன்,
அம்மா