செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நாள்பட்ட தசைவலிக்கு வீட்டுப் பயிற்சி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியவர்களே, அக்காமார்களே, தம்பி தங்கையரே, அனைவருக்கும் என் வணக்கம்.

தெருவிளக்கு மனுக்கள், குளக்கரைத் துப்புரவு, மாணவர் உதவித்தொகை ஆகிய வழக்கமான பணிகளைப் பற்றித் துணைச் செயலாளர் எழுதிய குறிப்பும், பொருளாளரின் வரவு செலவுக் கணக்கும் அச்சிட்டு உங்கள் கையில் தரப்பட்டுள்ளன. ஆகவே, சென்ற பொதுக்குழு தனித் தீர்மானமாக நிறைவேற்றி என் பொறுப்பில் விட்ட பணியை மட்டும் இந்த அறிக்கையில் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தசைவலியோடு வாழும் நம் உறுப்பினர்கள், தம் கையாலேயே தம் உடலைப் பிடித்துவிட்டு, அதன்பின் அந்தத் தசையை முறையாக அசைத்து, வீட்டிலேயே வலியைத் தணித்துக்கொள்ளப் பழக்குவதே அந்தப் பணி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடைப்பட்ட நம் ஊரில் இந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய், ஒரு காலைக்குள் 300 மரங்கள் வரை பால் வெட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலையில் காலை மடக்கிக் குனிந்து உட்கார்ந்து நாள் முழுதும் அண்டி உடைத்தவர்களும் தொலி உரித்தவர்களும் இருக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் முன் கழுத்தைத் தாழ்த்தியபடி இருபது வருடம் கழித்தவர்களும் உண்டு. குறுக்கு வலி, பிடரிப் பிடிப்பு, கை உளைச்சல் என்று இவர்கள் சொல்வது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவம் அதை நாள்பட்ட வலி என்கிறது. நம் ஊர்க் கணக்கில் மூன்று மாதம் என்பது மிகச் சிறிய காலம். மகள் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய வலி, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கூடவே வந்திருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு.

வகுப்புகள் வாசகசாலை மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் நடந்தன. முதல் இரண்டு வகுப்புகளை, நம் ஊருக்கு உறவுமுறையில் வந்துபோகும் இயன்முறை மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் எடுத்துக் கொடுத்தார். அதன்பின் அவர் எழுதித் தந்த குறிப்பைக் கொண்டு நாங்களே நடத்தினோம்.

அந்த முதல் வகுப்பில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது, வலிக்கிற இடமும் வலிக்குக் காரணமான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற செய்தி. லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் 1938 இல் தசைக்குள் உப்புக்கரைசலை ஊசியால் செலுத்திப் பார்த்து, வலி செலுத்திய இடத்தோடு நிற்காமல் தள்ளியும் தோன்றுவதைப் பதிவு செய்தார். பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்சுடன் சேர்ந்து, எந்தத் தசையில் இறுகிய முடிச்சு இருந்தால் எங்கே வலி தெரியும் என்பதைப் படங்களாகவே தொகுத்து 1983 இல் வெளியிட்டார். அந்த முடிச்சு உண்மையில் என்ன, எப்படி உண்டாகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வரைபடம் நம் வகுப்பில் பலமுறை பயன்பட்டது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள தசை இறுகினால் வலி கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டில் தெரியலாம். தலைவலி மாத்திரையையே நம்பியிருந்த ஒரு தையற்கார அக்காவுக்கு அந்தத் தசையைப் பிடித்துவிட்டதும் தலையின் பாரம் குறைந்தது. புட்டத்தின் பக்கவாட்டில் ஆழத்தில் உள்ள சிறு தசை இறுகினால் வலி தொடை வழியே கணுக்கால் வரை இறங்கும். நரம்பு நசுங்கிவிட்டது என்று பயந்திருந்த இருவரை மருத்துவர் சோதித்து, நரம்பில் குறையில்லை என்று சொன்ன பின்பே நாங்கள் அந்தத் தசையைக் கவனித்தோம். கெண்டைக்காலின் உள்தசை குதிகாலுக்கு வலியை அனுப்பும். தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசை தோளின் முன்புறத்துக்கு அனுப்பும்.

இது நமக்கு முற்றிலும் புதியது என்று சொல்ல மாட்டேன். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பிடித்துவிடும் முறை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகச் சொல்லப்பட்டுள்ளது. வெறும் அழுத்தலோடு நிறுத்தாமல் அசைத்தலையும் அதன் உறுப்பாகவே நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். உடலின் உயிர்நிலை இடங்களைப் பற்றிய கலையான வர்மத்துக்குப் பேர்பெற்ற மாவட்டம் இது; 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 என்று ஆசான்மார் கணக்கிடும் அந்த இடங்களை, குருவிடம் கற்காதவர் கைவைத்துச் சோதிப்பது தவறு. நம் வகுப்பு சதைப்பற்றான தசைகளோடு நின்றுகொள்கிறது. கழுத்தின் முன்புறம், முதுகெலும்பின் மேல், அக்குள், முழங்கால் பின்குழி ஆகியவற்றில் எவரும் அழுத்தக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சொல்லி வருகிறோம்.

முதல் மூன்று மாதங்களில் நாங்கள் செய்த தவறை மறைக்காமல் எழுதுவது என் கடமை. எவ்வளவு அழுத்தினால் அவ்வளவு நல்லது என்ற நம் ஊர் நம்பிக்கையோடு, கிரிக்கெட் பந்தையும் உரல் உலக்கைப் பிடியையும்கூட சிலர் பயன்படுத்தினார்கள். இடுப்பில் கன்றிப்போய் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தவரும் உண்டு. வலியில் துடிக்கும் உடலை மேலும் வலிக்க வைத்தால், அங்குள்ள தசை பயந்து இன்னும் இறுகும். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே எளிதில் எச்சரிக்கை எழுப்பும் நிலைக்குப் பழகிவிடுகிறது. சிறு தொடுகைக்கும் பெரிய வலியாக அது பதில் சொல்லும். ஆகவே வலியைப் பத்துக்கு எத்தனை என்று நமக்குள் கணக்கிட்டு, ஐந்தைத் தாண்டாத அழுத்தத்தில், மூச்சைப் பிடிக்காமல், 30 முதல் 60 விநாடி வரை மட்டும் ஓரிடத்தில் நிற்பது என்று விதியை மாற்றினோம். முகம் சுளித்தால் அழுத்தம் அதிகம் என்று அருகில் இருப்பவர் சொல்லிவிடுவார். கிரிக்கெட் பந்துகள் எல்லாம் பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விட்டன. இப்போது டென்னிஸ் பந்துதான்.

கை உளைச்சலுக்கு நாங்கள் பழக்குவதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கே பாதிப்பேருக்கும் மேல் அதற்காகவே வந்தார்கள். பால் வெட்டும் கத்தியையும் அண்டி உடைக்கும் கட்டையையும் மணிக்கணக்கில் இறுகப் பிடிப்பதால், முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக ஓடும் தசைத்திரள் கயிறுபோல் விறைத்துவிடுகிறது. மேசை மேலோ திண்ணை மேலோ முன்கையை மடக்காமல் வைத்து, மறு கையின் கட்டைவிரலில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். கல்போல் தட்டுப்படும் இடத்தில் நின்று அழுத்தியபடியே விரல்களை விரிப்பதும் மூடுவதுமாகப் பத்து முறை செய்ய வேண்டும். பிறகு கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கி, 20 விநாடி வைத்திருக்க வேண்டும். இதோடு நிறுத்தியவர்களுக்கு அன்றைக்கு மட்டும் சுகம் கிடைத்தது. அரை லிட்டர் தண்ணீர்க் குப்பியைப் பிடித்து, முன்கையைத் தொடையில் சாய்த்து, மணிக்கட்டை மிக மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் சேர்த்தவர்களுக்கே வாரக்கணக்கில் பலன் நின்றது. அழுத்தம் வலியைக் குறைத்து அசைவுக்கு வழி திறக்கிறது. தசையில் தாங்கும் வலு ஏறுவது அசைவாலும் பளுவாலும்தான். இந்த ஒன்றைப் புரியவைக்க எங்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

முதுகுக்கும் புட்டத்துக்கும், ஒரு நீள காலுறையில் பந்தைப் போட்டுத் தோள் மேலாகத் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்து முழங்காலை மடக்கி நீட்டுகிறோம். அதன் பின் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. காலுறை இல்லாத வீட்டில் துவர்த்தை, அதாவது துண்டை, சுருட்டி முடிந்து அதனுள் பந்தை வைத்தும் செய்யலாம் என்பது நம் அக்காமார் ஒருவரின் யோசனை. அது எல்லா வீட்டிலும் பரவிவிட்டது. சுடுநீர்ப் பையை துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பது சாரல் மழைக் காலத்தில் பலருக்கும் இதமாக இருந்தது.

ரப்பர் தொழிலாளர்கள் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் வெட்டு நின்றுவிடும்; அந்த ஓய்வில் வலி குறைந்து, இனிப் பயிற்சி தேவையில்லை என்று பலர் வகுப்பை விட்டார்கள். மறுபடி வெட்டு தொடங்கிய முதல் வாரத்திலேயே முன்பைவிடக் கடுமையான வலியோடு வந்தார்கள். காரணம் ஓய்வல்ல, ஓய்வில் வலுக்குறைந்த தசை மேல் முழு வேலையும் ஒரே நாளில் ஏறியதுதான். ஆகவே வரும் ஆண்டு ஓய்வுக்காலத்தின் கடைசி மூன்று வாரங்களில் வெட்டுக்காரர்களுக்கென்று தனிப் பயிற்சி நடத்த வேண்டும்: தாழ்ந்த இடத்தில் வெட்டுவதற்கு வேண்டிய குனிந்து நிமிர்தல், வாளி சுமந்து நடத்தல், முன்கைப் பளு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி. பயிற்சி செய்த மறுநாள் காலை வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அளவைப் பாதியாகக் குறைப்பது, அதே அளவில் இருந்தால் தொடர்வது என்ற கணக்கை எல்லோரும் கடைப்பிடித்தால் போதும்.

இடுப்புப் பட்டை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனையில் விலைகொடுத்து வாங்கிய பட்டையை இரவும் பகலும் அணிந்து, அதைக் கழற்றினால் நடக்க முடியாது என்ற பயத்தில் இருந்தவர்கள் எங்களிடம் வந்தார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் வலி பற்றிய புரிதலையும் பரிந்துரைக்கிறது. மசாஜையும் ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. பட்டைகளையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. 2020 இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்று அதே நிறுவனம் சொல்வதால், இது நம் ஊரின் தனித் துயரம் அன்று. பட்டையை ஒரே நாளில் வீசாமல், நாளுக்கு ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டே வந்தவர்கள் இப்போது அதை அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

வகுப்புக்கு வந்த எல்லோரையும் நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போதல், இருதொடை நடுவே மரத்துப்போதல், விழுந்தபின் வந்த வலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக இருத்தல், நெஞ்சிலிருந்து இடக்கைக்குப் பரவும் வலி ஆகிய எதுவும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லச் சொன்னோம். கெண்டைச்சதை வீங்கியிருப்பவருக்குப் பிடித்துவிடுவது பெருந்தவறு. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே வர வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் சுடுநீர்ப் பையைத் தொடவே கூடாது; சூடு தெரியாமல் வெந்துபோகும். வீட்டைவிட்டு வரமுடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது என்பதைத் தெருத்தெருவாக அறிவித்தோம்.

வலி மாத்திரையைப் பற்றி இங்கே நீளமாகப் பேச விரும்பவில்லை. மருத்துவர் எழுதாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. ஆண்கள் வருகை மிகக் குறைவு. அடுக்களை வேலை முடியாததால் அக்காமார் பலர் பாதி வகுப்பில் எழுந்து போனார்கள். அவர்களுக்கென்று ஒரு நேரம் தேடாமல் விட்டது நிர்வாகக் குழுவின் தவறு. உலையில் அரிசி வேகும் பத்து நிமிடத்தில் அடுக்களைச் சுவரில் சாய்ந்தே செய்யக்கூடிய சிறு பயிற்சியை நாங்கள் தாமதமாகத்தான் உருவாக்கினோம். அதைச் செய்தவர்களே தொடர்ந்து செய்தும் வருகிறார்கள். பயிற்சியின் பலனை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகமும் ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை. அதனால் எத்தனை பேருக்கு எவ்வளவு குறைந்தது என்ற எண்ணிக்கையை உங்கள் முன் வைக்க நான் துணியவில்லை.

வரும் ஆண்டுக்கு, பெண்களுக்கான வகுப்பைப் பிற்பகலில் தனியாக நடத்தவும், வெட்டுக்காரர்களுக்கான முன்தயாரிப்புப் பயிற்சிக்கும், பந்து, பாய், நோட்டு ஆகியவற்றுக்குமாகச் சிறு தொகை ஒதுக்கவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. மாடியைக் கொடுத்துதவிய வாசகசாலை நிர்வாகத்துக்கும், வகுப்பெடுத்த இயன்முறை மருத்துவருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்